வைக்கோல் மனிதர்கள்

"இது என் மருமவளே இல்லடா. அந்தக் கண்ணைப் பாரு, மனுஷக் கண்ணா அது?" என்று சொல்லிக்கொண்டே ஹனோரா அறைக்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த உனாவுக்குச் சாவி திரும்பும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. ஜன்னலில் குறுக்கே பலகை அடித்திருந்தார்கள். இடுக்கு வழியே அக்டோபரின் கடைசி வெளிச்சம் ஒரு கோடாக விழுந்துகொண்டிருந்தது.

வசந்தத்தில் குழந்தை செத்துப்போனதிலிருந்து உனா பாடுவதில்லை, சிரிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. ஊர் மேட்டுக்கு அடியில் வாழ்கிற மாயக்காரர்கள் தன் மனைவியைத் தூக்கிப்போய்விட்டு, அவள் உருவத்தில் வேறெதையோ வைத்துவிட்டார்கள் என்று மலாக்கி முடிவு கட்டிவிட்டான். அவன் முதலில் முணுமுணுத்ததை, மாமியார்க்காரி ஊர் முழுக்க உரக்கச் சொல்லி வைத்தாள்.

இன்று சௌவின் திருநாள். மேட்டின் கதவு திறக்கும் நாள். இருட்டியதும் மந்திர வைத்தியன் வருவான். பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் சூடு போட்டு, பெயரைக் கேட்பான். பொய்யான பெண் புகைபோக்கி வழியே பறந்துவிடுவாள், உண்மையானவள் திரும்பி வருவாள்.

"மலாக்கி! நான்தான்யா, உன் உனாதான்யா!" என்று கதவைத் தட்டினாள்.

"அவ குரல்லயே பேசுதும்மா," என்று மலாக்கி அழுவது கேட்டது. "என் உனா நிஜமாவே வந்துடுவாளா?"

"வருவா, வருவா. நான் போய் வைத்தியனைக் கூட்டிட்டு வரேன். நீ அடுப்பை அணைய விடாதே."

"சாவியைக் குடுத்துட்டுப் போம்மா."

"எதுக்கு? அது அழும், நீ இளகிடுவ. எங்கிட்டயே இருக்கட்டும்."

கிழவியின் செருப்புச் சத்தம் தெருவோடு தேய்ந்தது. உனா பலகையை நகத்தால் பெயர்த்துப் பார்த்தாள். நகம்தான் பெயர்ந்தது.

இருட்டும் நேரத்தில் வாசலில் பிடில் சத்தம். வைக்கோல் வேஷக்காரர்கள் வந்துவிட்டார்கள். தலையில் கூம்பு முகமூடி, முழங்கால் வரை வைக்கோல் உடுப்பு. வருஷா வருஷம் வருகிறவர்கள்தான். இந்த நாளில் அவர்களை வாசலோடு அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது. மலாக்கி வேண்டாவெறுப்பாகக் கதவைத் திறந்தான்.

தரை அதிர ஆட்டம் தொடங்கியது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே, அறைப் பூட்டு மெல்லத் திரும்பியது.

ஒரு வைக்கோல் உருவம் உள்ளே வந்து கதவைச் சாத்தியது. பூட்டு எப்படித் திறந்தது? அப்படியானால் மேட்டுக்காரர்கள் நிஜம்தானா? அவளைக் கொண்டுபோக வந்துவிட்டார்களா?

"யாரு?" என்றாள். வாயிருக்கும் இடத்தில் ஒரு விரல் உயர்ந்தது.

அந்த உருவம் இருட்டு மூலைக்குப் போய் முதுகைக் காட்டி நின்று, வைக்கோல் உடுப்பைக் கழற்றியது. முகம் தெரியும் முன்பே முகமூடி உனாவின் தலையில் கவிழ்ந்தது. அவசர அவசரமாக உடுப்பையும் மாட்டிவிட்டு, அவளைக் கதவுப் பக்கம் நெட்டித் தள்ளியது. பிறகு கட்டிலில் ஏறி, கம்பளியைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

ஆடுகிறவர்கள் கதவை மறைத்து வட்டம் கட்டியிருந்தார்கள். உனா அதற்குள் நுழைந்துகொண்டாள். அவர்களோடு சேர்ந்து குதித்தாள்.

ஆட்டம் முடிந்தது. மலாக்கி வாசலில் நின்று ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தான். உனாவின் முறை வந்ததும் அவன் கை நின்றது.

"குட்டையா இருக்கியே, யாருப்பா நீ? டோலன் வீட்டுக் கடைக்குட்டியா?"

வைக்கோல் இடுக்கில் அவன் முகம் தெரிந்தது. அழுதழுது வீங்கிப்போன கண்கள். உனா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"வேஷக்காரன் வாயைத் திறக்கலாமா மலாக்கி? நீ ஆளைத் தப்பாச் சொன்னா ஆப்பிளைக் குடுத்துடணும்!" என்று பிடில்காரன் சிரித்தான்.

"சரி, போ. மேட்டுக்காரங்க கண்ணுல படாமப் போப்பா," என்று மலாக்கி ஆப்பிளை அவள் கையில் வைத்தான்.

முற்றம் தாண்டியதும் பிடில்காரன் அவள் காதோரம் குனிந்தான். "ஓடும்மா. பாலத்துக்கிட்ட வண்டி நிக்குது. வெஸ்ட்போர்ட் துறைமுகத்துல உங்க அக்கா காத்திருக்காங்க."

"உள்ள இருக்கறது யாருங்க?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. ஓடு!"

உனா ஓடினாள். வைக்கோல் உதிர உதிர ஓடினாள். பாலம் கண்ணில் பட்டபோது, பின்னால் மலாக்கியின் அலறல் கேட்டது. கம்பளியை இழுத்துவிட்டான் போலிருக்கிறது.

அதைத் தொடர்ந்து எழுந்த குரலில் உனாவின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

"உங்கப்பன் எனக்குச் சூடு போட்டப்ப, கதவைத் திறந்துவிட யாருமே வரலடா!"