சாமை மேல் வைத்த லேப்டாப்

"லேப்டாப்பைக் கொண்டுபோயி சாமை மேலயா வெப்பாங்க?"

மெக்கானிக் ரஞ்சித்குமார் போட்ட சத்தத்தில் போளூர் கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஈஸ்வரி கூனிக் குறுகி நின்றாள்.

ஜவ்வாது மலையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அங்கே சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள். துண்டு சுற்றிக் கொண்டுவந்த கேமிங் லேப்டாப் மேஜை மேல் கிடந்தது.

"மொதல் நாள்லருந்தே தொட்டா சுடும்ணா. எங்க வூட்ல முட்டைய சாமைக்குள்ளதான் வெப்போம், சூடு அண்டாது. அதுமாரி இதையும் வெச்சா குளுமையா இருக்குமேன்னு போன வாரம் சாமைக் குவியல் மேல வெச்சேன். ஒரேடியா அணைஞ்சி போச்சி."

"அடியில இருக்கிற ஓட்டை வழியா உமியெல்லாம் உள்ள போயிருக்கும். ஃபேன் அடைச்சி, போர்டே வெந்திருக்கும். படிச்ச பொண்ணுதான நீ?"

பக்கத்து நாற்காலியில் கோபால்சாமி தலையில் அடித்துக்கொண்டார். அறக்கட்டளைத் தலைவர். தன் மகன் விளையாடிய லேப்டாப்பை, சுதந்திர தினத்தன்று மேடை போட்டு, சால்வையும் போர்த்தி ஈஸ்வரிக்குக் கொடுத்தவர். அது நின்றுபோனதும் இந்தக் கடைக்கே கொண்டுவரச் சொன்னவரும் அவர்தான்.

"என் பையன் மூணு வருசம் ராப்பகலா வெளையாண்டான் தம்பி. ஒண்ணும் ஆவல. இவங்க கிட்ட ரெண்டே மாசம்!"

"மன்னிச்சிடுங்க ஐயா."

"அடுத்த வாரம் உங்க புள்ளைங்களுக்கு அஞ்சு புது லேப்டாப் தர்றதா இருந்தேன். இனிமே எப்படிம்மா தர்றது? அதையும் குவியல் மேலதான வெப்பீங்க?"

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த ஈஸ்வரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க ஐயா. நான் தொடக்கூட மாட்டேன். இருபத்தி மூணு புள்ளைங்க, இந்த ஒண்ண வெச்சிக்கினு ஆளுக்குக் கொஞ்ச நேரம்னு கத்துக்குதுங்க. நான் பண்ண தப்புக்கு அதுங்க இன்னா பண்ணும்?"

"நான் ஒருத்தனே முடிவு பண்றதில்லம்மா. நாலு பேர் கேப்பாங்க." போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "நடந்தத நீயே சொல்லிடு. அவங்க மனசு எறங்கினாலும் எறங்கும்."

பாவம், நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஐயா குடுத்த லேப்டாப்ப சாமை மேல வெச்சி நான்தான் கெடுத்துட்டேன். மலை சனங்களுக்கு இதெல்லாம் வெச்சிப் பொழங்கத் தெரியல. புள்ளைங்கள மட்டும் கைவிட்டுடாதீங்க."

இதில் நடு வரியை அவர்தான் வாயசைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"சரி, போய்ட்டு வா. பேசிப் பாக்கறேன்."

ஈஸ்வரி இரண்டு பேரையும் கும்பிட்டாள். "எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுத்துடுங்கண்ணா" என்று ரஞ்சித்குமாரிடம் கெஞ்சிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் வீடியோ அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. 'மலைக்கு ஐந்து லேப்டாப் வழங்கும் திட்டம் ரத்து' என்று கீழே ஒரு வரி. 'நல்ல முடிவு தலைவரே' என்று உடனே நாலைந்து பதில்கள் வந்து விழுந்தன.

ரஞ்சித்குமார் திருகாணிகளைக் கழற்றி, பின்பக்க மூடியைத் திறந்தான்.

"இன்னா தம்பி, உமி இருக்குதா?"

"ஒரு பொட்டுகூட இல்ல சார். ஃபேன் சுத்தினாதான உள்ள இழுக்கும்?"

கோபால்சாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"அது சுத்தாதுன்னு ஆடி மாசமே நீதான சொன்ன? 'ரிப்பேர் பண்ணாலும் தாங்காது சார், மலையில யாருக்காச்சும் தானமா குடுத்துட்டு பேர் வாங்கிக்கங்க'ன்னு!"