ரெண்டாவது டிரிக்கர்

2024 பிப்ரவரி 6 அன்று, கோவில்பட்டியில் ராஜமணியின் துப்பாக்கிக் கடைக்குப் பசுவந்தனையிலிருந்து அமுதவள்ளி வந்தாள். மக்காச்சோளத்தில் பன்றித் தொல்லை போலும் என்று நினைத்த ராஜமணி, இரட்டைக் குழல் துப்பாக்கிகள் இரண்டை எடுத்து வைத்தார்.

"இதுல குழல் மேலயும் கீழயும் இருக்கு. குறி பார்க்க லேசு. டிரிக்கர் ஒண்ணுதான். அதுல குழலு பக்கத்துல பக்கத்துல. டிரிக்கரும் ரெண்டு."

"அதுல ஒண்ணு வெடிச்சா, இன்னொண்ணும் தானா வெடிச்சிருமா அண்ணாச்சி?"

ராஜமணி சிரித்தார். "தானா வெடிக்க இதென்ன சரவெடியா தாயி? விரலை மாத்தி ரெண்டாவது டிரிக்கரை இழுக்கணும்லா."

"எங்க வீட்டுக்காரரை இதே மாதிரி ரெண்டு டிரிக்கர் துப்பாக்கியாலதான் எங்க ஊரு முனீஸ்வரன் சுட்டுக் கொன்னான். பன்னின்னு நெனச்சுச் சுட்டானாம். ரெண்டாவது குண்டு தானா வெடிச்சிருச்சாம். இப்பச் சொன்னதைக் கோர்ட்டுல வந்து சொல்லுதீயளா?"

முனீஸ்வரனுக்கு அந்தத் துப்பாக்கியை விற்றவர் ராஜமணிதான். பதினைந்து வருடப் பழக்கம். அவர் இரண்டு துப்பாக்கிகளையும் உள்ளே வைத்தார்.

மறு வருடம் அவர் கோர்ட்டுக்கு வந்தார், முனீஸ்வரன் தரப்புச் சாட்சியாக. முதல் வெடியின் அதிர்வில் இரண்டாவது குழலும் தானாக வெடிப்பதுண்டு என்றார்.

கொலையல்ல, கவனக்குறைவு என்று தீர்ப்பானது. முனீஸ்வரன் அபராதம் கட்டிவிட்டு அன்றே ஊர் திரும்பினார்.