மூடியில் ஒரு கரும்புள்ளி

மருந்துத் தொழிற்சாலைக்குப் போகவேண்டிய எஃகு மூடியைக் குனிந்து பார்த்த தர அதிகாரி, உதட்டைப் பிதுக்கினார்.

"நடுவுல கரும்புள்ளி இருக்கு. திரும்பப் பாலிஷ் போடு."

பாலிஷ்காரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மாலை ரயிலைப் பிடித்தால்தான் புதிதாய்ப் பிறந்த மகளின் முகத்தைப் பார்க்கலாம். மூடி தேறாமல் நகர முடியாது.

அமிலத் தொட்டியில் இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, மேற்பரப்பின் நுண்ணிய மேடுகளைக் கரைத்து எடுத்து வந்தான். மூடி பளபளத்தது.

"இப்ப முன்னைவிடத் தெளிவா தெரியுதேய்யா புள்ளி!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்..."

"அதுக்கெல்லாம் ஒரு கண்ணு வேணும். நான் எந்தப் பக்கம் நின்னாலும் தெரியுது!"

மறுபடியும் இறக்கினான். மூடி கண்ணாடியே ஆகிவிட்டது. புள்ளி போகவில்லையாம்.

"இன்னொரு தடவை போட்டா மூடி தேஞ்சிடும் சார்."

"தேயட்டும். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது!"

அப்போது அவருடைய செல்போன் அலறியது. மனைவியின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"தலைக்கு அடிச்ச டை நெத்தியில பொட்டு மாதிரி ஒட்டியிருக்கு, கழுவிட்டுப் போங்கன்னு வாசல் வரைக்கும் வந்து கத்தினேனே, கழுவினீங்களா?"

பட்டறையே கூரையை அண்ணாந்து பார்த்தது. காலையிலிருந்து எல்லோரும் பார்த்த பொட்டுதான். பூனைக்கு மணி கட்டத்தான் ஆளில்லை.

அதிகாரி ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து, நெற்றி மறைய மாட்டிக்கொண்டார். மூடியை மறுபடி குனிந்து பார்த்தார்.

"பார்த்தியா, புள்ளி போயிடுச்சு! இப்படி விடாம நின்னு வேலை வாங்கினாத்தான்யா தரம் வரும்."

பாலிஷ்காரன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.