ஒரு ஓட்டு

பொன்னையா படுத்த படுக்கையாகி மூன்று வருடமாகிறது. அத்தனை நாளில் திருச்சபையிலிருந்து ஒருவரும் அந்த வீட்டுப் படியேறியதில்லை. அவர் மனைவி எப்சிபா இரண்டு முறை நேரில் போய்க் கேட்டும் குருவானவர் நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வரவில்லை. சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்கான தேர்தலன்று மட்டும் வாசலில் கார் வந்து நின்றது. வேட்பாளர் கிப்சனோடு மூன்று பேர் இறங்கினார்கள்.

"மைனி, அண்ணாச்சிய நாங்களே தூக்கிட்டுப் போய் ஓட்டுப் போட வச்சிக் கொண்டாந்து விட்டுருதோம். ஒத்த ஓட்டுல சபை அந்த எதிரணிப் பயலுவ கைக்குப் போயிரக் கூடாதுல்லா?" என்றார் கிப்சன்.

"சபையா? அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலயே." எப்சிபா கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க."

அவள் போர்வையை உருவினாள். படுக்கை மலத்தில் நனைந்திருந்தது. இடுப்பருகே படுக்கைப்புண் உள்ளங்கை அகலத்துக்கு வாய் திறந்து கிடந்தது. பொன்னையா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"தெனமும் ஒத்தையில புரட்டுதேன். இன்னைக்கு நாலு ஆம்பளைங்க இருக்கீங்க. புடிங்க. தொடச்சு மருந்து போட்ட பொறவு எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க."

ஐந்து மணிக்கு ஓட்டுப் பெட்டியை மூடிவிடுவார்கள் என்று கைக்குட்டைக்குள் முனகிக்கொண்டே கிப்சன் வெளியேறினார். இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள். கார் ஹாரன் விடாமல் அலறியது.

அவர்களோடு போகாமல் நின்றுவிட்ட ஜெபமணி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "வெந்நி இருக்கா மைனி?" என்று கேட்டார்.

அவள் நன்றி சொல்லவில்லை.

"மூணு வருசம்," என்றாள் பல்லைக் கடித்தபடி. "இடுப்பப் புடிங்க."