உரிய நடவடிக்கைக்காக

அந்தப் புகார் மனு தலைமை அலுவலகத்திலிருந்து ஏழு மேசை இறங்கி, எட்டாவதாக அவள் மேசைக்கு வந்தது.

மேசைக்கு ஒரு கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே அதே மூன்று சொற்கள்: உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது.

நடவடிக்கை எடுக்கவேண்டியவர் யாரென்று அந்த ஏழு பேருக்கும் தெரிந்திருக்காது. அல்லது நன்றாகவே தெரிந்திருக்கும்.

தட்டச்சு செய்த ஒரே பக்கம். உதவித்தொகை வாங்குகிற நடக்க முடியாதவர்கள், வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து ரேகை வைக்கவேண்டும். வைக்கிற இடம் மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு. பூட்டியிருக்கும். மேலதிகாரிகள் வந்தால் திறக்கும். போன முறை மனுதாரர் கடைசிப் பன்னிரண்டு படிகளை உட்கார்ந்தபடியே ஏறினார். அடுத்த முறைக்கு முன் லிஃப்டைத் திறந்துவிட வேண்டும்.

கீழே கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே வெட்டுத் தழும்பு ஒன்று வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது.

அவள் மனுவைப் படிக்கவில்லை. ரேகையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு பதிலுக்கு வரைவு எழுதினாள். ‘லிஃப்ட் பூட்டியிருப்பது உண்மை’ என்று தொடங்கினாள்.

பிரிவுக் கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் ‘சிவப்பு மை’ என்று பெயர். அவர் அந்த முதல் வரியிலேயே பேனாவை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

“ஏம்மா, நம்ம மேல வந்த புகாரை நாமளே ஆமான்னு சொல்லுவோமா?”

“பூட்டித்தானே சார் இருக்கு? சாவிகூட உங்க டிராயர்லதானே இருக்கு?”

அவருக்குக் கோபம் வரவில்லை. டிராயரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினார். சாவி இருந்தது.

“அதனாலதாம்மா நம்மகிட்ட கேக்குறாங்க. சாவி இல்லாதவனைக் கேட்டா அவனுக்கு என்ன தெரியும்?”

இருபத்திரண்டு வருடமாக அவர் இப்படித்தான் பதில் அனுப்புகிறார். முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மனசுக்குள் திட்டித் தொலைத்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

அவள் வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு வாரம். அதற்கான தாளில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான்.

புதுத் தாள் எடுத்தாள்.

‘லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது.’ இதில் பொய் இல்லை. பூட்டியே கிடக்கிற லிஃப்ட் எப்படிக் கெட்டுப்போகும்?

‘பொதுமக்களின் பாதுகாப்பு கருதி அதன் பயன்பாடு முறைப்படுத்தப்பட்டுள்ளது. விசாரித்ததில் புகாருக்கு ஆதாரம் இல்லை எனத் தெரியவருவதால், மனு முடித்துவைக்கப்படுகிறது.’

பேனா இந்த முறை தாள்மேல் இறங்கவே இல்லை.

“அடி சக்கை! ஒரு கமாகூட திருத்த வேணாம். பட்டதாரின்னா சும்மாவா? அந்த மனு எழுதினவனும் படிச்சவன்தான் போல. பாரேன், எவ்ளோ சுத்தமா எழுதியிருக்கான்.”

“ஆமா சார்.”

மனுதாரர் பெயரை அவர் பார்க்கவில்லை. எப்போதும் எண்ணைத்தான் பார்ப்பார். எண் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அவள் உறையை எடுத்தாள். பெயர், தெரு, வீட்டு எண் எல்லாவற்றையும் மனுவைப் பார்க்காமலே எழுதி ஒட்டினாள்.

தபால் போய்ச் சேர இரண்டு நாளாகும். அது வந்த அன்று, வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போகும்வரை, அப்பா அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.