பரிசு வாங்கிய அத்தியாயம்

கண்ணாடிப் பெட்டி நொறுங்கும் சத்தம் கேட்டு அருங்காட்சியக இயக்குநர் கூடத்துக்கு ஓடினார். மலைக்காரன் ஒருவன், முழங்கை கிழிந்து ரத்தம் சொட்ட, உள்ளேயிருந்த மரமுரசைத் தூக்கிக்கொண்டிருந்தான். வாலிபத்தில் அந்த மலை ஜனங்களை ஆராயப் போனபோது இயக்குநர் கொண்டுவந்த முரசு அது.

“கீழ வைடா! போலீசைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடு. இதை எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு மறிச்சவனைச் சுட்டியே, அதையும் அவங்ககிட்ட சொல்லு. நான் அவன் தம்பி.”

இயக்குநர் கையில் எடுத்த போனைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

அவன் முரசைப் போட்டுவிட்டு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். “நட. ஊரே உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.”

ஊர் நடுவே நிறுத்தி வெட்டப்போகிறார்கள் என்றே அவருக்குப் பட்டது. உடைந்த பெட்டிக்குள் கைவிட்டு, அகப்பட்ட கல்கோடரியால் அவன் மண்டையில் ஓங்கிப் போட்டார். அவன் திருப்பி அடிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் வெறியேற்றியது. அவன் சரியும்வரை போட்டார்.

“என்னண்ணே இது?” என்றான் அவன், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. “அம்மா இழுத்துக்கிட்டு கிடக்கா. மூத்தவனைக் கூட்டிக்கிட்டு வான்னா. முரசடிச்சு உன்னை வீட்டுக்குள்ள அழைக்கத்தான்…”

அந்த மலையில் கொலைக்குக் கொலை கிடையாது. கொன்றவன் செத்தவனுடைய வீட்டுக்கு மகனாகிவிட வேண்டும். அந்த ஜனங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இயக்குநருக்குப் பரிசும் பேரும் இந்த நாற்காலியும் வாங்கிக் கொடுத்த அத்தியாயமே அதுதான். அது தன்னையும் சேரும் என்று மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“சீக்கிரம் போண்ணே,” என்றான் அவன், கடைசி மூச்சில். “அவளுக்கு இனி இளையவனும் நீதான்.”