நான்கு கண்ணாடியிலும் ஒரே செய்தி

மறுவீட்டு விருந்துக்கு வந்த இடத்தில், மாமனார் வீட்டு மாடிக் குளியலறையில் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டான் நம்பிராஜன். எவ்வளவோ உலுக்கினான், அது அசைவேனா என்றது. சரி, ஜன்னல் வழியாக இறங்கிவிடலாம் என்று இடுப்புத் துண்டோடு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினான். எதிர்வீட்டார் கண்ணுக்கு மறைவாக நான்கு கண்ணாடியிலும் பழைய பேப்பர் ஒட்டியிருந்தார்கள். நான்கிலும் ஒரே தேதி, ஒரே பக்கம், ஒரே செய்தி: குளியலறையில் சிக்கிய புது மாப்பிள்ளை, ஜன்னல் வழியே இறங்கியபோது தவறி விழுந்து பலி. கீழே, கதறி அழும் மனைவி ஆவுடையின் படம்.

நம்பிராஜன் மூன்று நாள் முன்பு தாலி கட்டிய அதே ஆவுடை. முதல் சம்பந்தம் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார்.

“மாப்ள, பதறாதீங்க! ஆசாரிக்கு ஆள் போயிருக்கு!” என்றார் வெளியே மாமனார்.

“அப்பவே தாழ்ப்பாளை மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேப்பா” என்று அழுதாள் ஆவுடை.

மாமனார் குரலைத் தாழ்த்தினார். “கத்தாத. ஊர்ல ஒரு பய படிக்கக் கூடாதுன்னு கடையில இருந்த அத்தனை பேப்பரையும் நானே வாங்கிட்டு வந்துட்டேன்லா? அவருக்கு எப்படித் தெரியும்?”

நம்பிராஜன் வாளியிலிருந்து மெல்ல இறங்கினான். ஆசாரியின் உளி கதவில் விழுந்தபோது, ஓசைப்படாமல் தாழ்ப்பாளை உள்ளிருந்து இறுகப் பிடித்துக்கொண்டான்.